உளுந்தும் வாட்டில் பட்டையும்: வாங்குவது என்பது ஆதரிப்பதா?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பொழுது விடியும் முன்பே ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கிவிடும். அப்பாவோடு சந்தைக்குப் போய்விட்டு, அப்படியே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. முதல் பாடவேளையில் அவர்கள் கண்ணில் தூக்கம் இருக்கும். அன்று நான் நடத்தியது பத்தாம் வகுப்புக் குடிமையியலில் வரும் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை. நிறவெறிக்கு எதிராக இந்தியா எடுத்த நிலையைச் சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் மியான்மர் ராணுவ ஆட்சி பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். அவன் அம்மா பேருந்து நிலையத்தின் அருகில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். “சார், மளிகைக் கடையில பர்மா உளுந்துன்னுதான் தராங்க. அங்க ராணுவ ஆட்சின்னு நீங்க சொல்றீங்க. அப்ப எங்க அம்மா அந்த ராணுவத்துக்குக் காசு குடுக்கறாங்களா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நல்ல கேள்வி, அடுத்த வாரம் பேசலாம்” என்றேன். ஆசிரியர்கள் இப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். பதில் கையில் இல்லை என்று பொருள். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும் யோசித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதே கேள்வி உங்கள் வகுப்பிலும் ஒருநாள் வரும்.

முதலில் தென்னாப்பிரிக்கா. நம் பாடநூலில் இரண்டொரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் நம் மாவட்டத்துக்கு அது அவ்வளவு தொலைவில் இல்லை. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போகத் தொடங்கியது அதிலிருந்துதான். அப்படிப் போனவர்களில் பெருந்தொகையினர் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள். ஒடுகத்தூரும் வேலூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ‘தென்னாப்பிரிக்க இந்தியர்கள்’ என்று பாடநூல் சொல்லும்போது, நம் பக்கத்து ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1946இல் ஸ்மட்ஸ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதை அது வரையறுத்தது. அங்கிருந்த மக்கள் அதைச் ‘சேரிச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ஜூன் 13 அன்று டர்பனில் அறப்போராட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் மான்டி நாயக்கர். தமிழ் வழிவந்தவர். அதற்கு முன்பே தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸின் தூதுக்குழு ஒன்று இந்தியாவுக்கு வந்து, வைஸ்ராய் வேவலைச் சந்தித்து, வணிக உடன்பாட்டை முறித்துக்கொள்ளும்படி வேண்டியிருந்தது. 1946 ஜூலை 17 முதல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை இந்தியா தடை செய்தது. நேரு தலைமையிலான இடைக்கால அரசு அமைந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். அதாவது, சுதந்திரம் வருவதற்கு முன்பே, வெள்ளையர் ஆட்சி நடக்கும்போதே, இந்தத் தடை வந்துவிட்டது. உலகில் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முதலில் நிறுத்திய நாடு இந்தியாதான்.

இது செலவில்லாத முடிவு அல்ல. இந்தியாவின் மொத்த ஏற்றுமதியில் சுமார் 5 விழுக்காடு அப்போது தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சணல் சாக்குகள் அதில் முக்கியமானவை. நாம் அங்கிருந்து வாங்கியது அதைவிடக் குறைவு. வாங்கியவற்றில் ஒன்று வாட்டில் பட்டை.

இங்கேதான் கதை நம் ஆட்டுச் சந்தைக்குத் திரும்புகிறது. சந்தையில் விற்ற ஆடு கறியாகிறது, தோல் ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ பேரணாம்பட்டுக்கோ போகிறது. பழைய முறைப்படி தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். இரண்டும் நம் பக்கத்துச் சரக்கு. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்தே இறங்கியது. ஆனால் தொழில் பெருகப் பெருக ஆவாரம்பட்டை போதவில்லை. வாட்டில் மரத்தின் பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த மரத்தைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோட்டம் தோட்டமாக வளர்த்து, பட்டையையும் சாற்றையும் ஏற்றுமதி செய்தார்கள். நம் தோல் கூடங்கள் அதற்குப் பழகிப்போயின.

தென்னாப்பிரிக்கச் சரக்கை நம்பியிருக்க முடியாது என்ற நிலை வந்ததும், அந்த மரத்தை நம் மலைகளிலேயே வளர்த்தால் என்ன என்ற எண்ணம் வலுப்பட்டது. நீலகிரிக்கு வாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விறகுக்காக வந்திருந்தது. அங்கே சீகை மரம் என்பார்கள். 1950களுக்குப் பிறகு நீலகிரியிலும் பழனி மலையின் மேற்பகுதியிலும் புல்வெளிகளில் வாட்டில் தோட்டங்கள் பெருகின. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் நோக்கமும் அதில் சேர்ந்திருந்தது. பழி முழுவதையும் தடையின் மேல் போடக் கூடாது. ஆனால் அதுவும் ஒரு காரணம். இன்று அந்த மரம் சோலைக்காட்டுப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதை அகற்ற வனத்துறை பாடுபடுகிறது, உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள், அந்த மரங்களைக் காட்டி இந்த வரலாற்றைச் சொல்லலாம். ஒரு நாட்டோடு வணிகம் செய்ய மறுத்ததன் விலையில் ஒரு பகுதி அங்கே மரமாக நிற்கிறது.

சரி, தடையால் பயன் இருந்ததா? உண்மையைச் சொல்ல வேண்டும். தடை வந்த இரண்டே ஆண்டில், 1948இல், தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியை அரசின் முழுக் கொள்கையாகவே ஆக்கியது. நிலைமை சீராகவில்லை, இன்னும் மோசமானது. மற்ற நாடுகள் விற்றன, வாங்கின. ஈரான் 1979 புரட்சி வரை எண்ணெய் கொடுத்தது. ஆயுதம் விற்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை கட்டாயத் தடை விதித்தது 1977இல்தான். அமெரிக்கா விரிவான தடைச் சட்டம் கொண்டுவந்தது 1986இல், அதுவும் அதிபர் ரீகனின் மறுப்பாணையை மீறி. மண்டேலா விடுதலையானது 1990 பிப்ரவரி 11. நம் தடை போட்டு ஏறக்குறைய 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியென்றால் 1946இன் தடை வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. வணிகத் தடைக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, எதிராளியின் வருமானத்தைக் குறைப்பது. மற்றொன்று, ‘இவரோடு வழக்கம்போல் பழக முடியாது’ என்று ஊரறியச் சொல்வது. முதல் வேலையை இந்தியா தனியாகச் செய்ய முடியவில்லை. இரண்டாவதைச் செய்தது. 1974இல் நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அடங்கிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கையெட்டும் தூரத்தில் இருந்த கோப்பையை விட்டுக்கொடுப்பது விளையாட்டு வீரருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை, மண்டலப் போட்டியில் தோற்றுத் திரும்பும் நம் பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

1984 ஜூலையில் அயர்லாந்தின் டப்ளினில் ஒரு கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த மேரி மேனிங் என்ற இளம்பெண், தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கு ரசீது போட மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். உடன் வேலை செய்த சிலர் அவரோடு வெளியேறினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டு வேலைநிறுத்தம். 1987இல் அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்க விளைபொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. இட்லிக்கடை அம்மாவைப் பற்றிய கேள்விக்கு இந்தக் கதைதான் மிக நெருக்கமானது என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு வேறுபாடு உறைத்தது.

தென்னாப்பிரிக்காவில் தடையை வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்டவர்களே. 1946இல் தூதுக்குழு வந்து கேட்டது. 1959இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, எங்கள் நாட்டுப் பொருள்களை வாங்காதீர்கள் என்று உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். தடையால் எங்கள் மக்களும் துன்பப்படுவார்கள், அந்தத் துன்பத்தை ஏற்கத் தயார் என்பது அவர்கள் நிலைப்பாடு. துன்பப்படப் போகிறவர் கேட்டுக்கொள்வது வேறு. தொலைவில் இருக்கும் நாம் அவர் சார்பில் முடிவெடுப்பது வேறு. 1990 ஆகஸ்டு முதல் ஈராக் மீது ஐ.நா. விதித்த முழுத் தடையை நினைத்துப் பாருங்கள். சதாம் உசேன் அதற்குப் பின்னும் பல்லாண்டு ஆட்சியில் இருந்தார். மருந்துக்கும் உணவுக்கும் அல்லாடியவர்கள் எளிய மக்கள்.

இனி உளுந்துக்கு வருவோம்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தேர்தலில் வென்றவர்கள் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியா மியான்மருடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகர்கள் வழியாக இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். நம் உளுந்து விளைச்சல் மழையை நம்பியது. குறைந்தால் விலை ஏறும், ஏறினால் முதலில் அடிபடுவது இட்லிக்கடைதான். அரசின் கணக்கு அது.

அங்கே உளுந்து யார் விளைவிக்கிறார்கள்? நம் காவிரிப் படுகையில் நெல் தரிசில் உளுந்து தெளிப்பது போலவே, ஐராவதி வடிநிலத்திலும் பகோ பகுதியிலும் நெல் அறுவடைக்குப் பின் உளுந்து போடுகிறார்கள். சிறு விவசாயிகள். அவர்கள் சாப்பாட்டில் உளுந்துக்குப் பெரிய இடமில்லை. இந்தியாவை நம்பியே விதைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நம் நாட்டில் விளைச்சல் மிகுந்திருந்தபோது, இந்தியா துவரை, உளுந்து இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டது. அரசியல் காரணம் ஏதுமில்லை. அப்போது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் இருந்தது. ஆனாலும் மியான்மரில் விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். நாம் உளுந்து வாங்குவதை நிறுத்தினால் முதல் அடி யார் முதுகில் விழும் என்பதை அந்த ஆண்டே காட்டிவிட்டது.

அப்படியானால் ராணுவத்துக்கு ஒன்றும் போவதில்லையா? போகிறது. 2022 ஏப்ரலில் மியான்மர் மத்திய வங்கி ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டுப் பணமாக வரும் வருமானத்தை உடனே உள்நாட்டு நாணயமான கியாட்டாக மாற்ற வேண்டும், அதுவும் வங்கி குறித்த விலையில். வெளிச் சந்தையில் டாலருக்கு அதைவிடக் கூடுதல் கியாட் கிடைக்கும். இடைவெளி ஏற்றுமதியாளரின் இழப்பு, முடிவில் விவசாயியின் இழப்பு. டாலரோ ஆட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கும் வங்கிகளுக்குப் போகிறது. கட்டாயமாக மாற்ற வேண்டிய பங்கைப் பின்னர் குறைத்தார்கள், முறையைக் கைவிடவில்லை.

இதை வகுப்பில் விளக்க எனக்குச் சந்தைதான் உதவியது. சந்தையை ஏலம் எடுத்தவர் ஆட்டுக்கு இவ்வளவு என்று சுங்கச் சீட்டு கிழிப்பார். ஆட்டை விற்பவர் மலையிலிருந்து வந்த விவசாயி. வாங்குபவர் கறிக்கடைக்காரர். ஏலதாரர் ஆடு வளர்க்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆனால் கைமாறும் ஒவ்வோர் ஆட்டிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இப்போது, அந்த ஏலதாரர் அடாவடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆடு வாங்குவது அவரை ஆதரிப்பதாகுமா? “ஆகாது சார், ஆனா அவருக்கு லாபம்தான்” என்றாள் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி. எனக்கு ஒரு வாரம் பிடித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

ஆதரவு வேறு, ஆதாயம் வேறு. ஆதரவு என்பதில் மனம் இருக்கிறது. ஆதாயம் மனம் இல்லாமலே போய்ச் சேரும். ஆனால் ‘எனக்கு அந்த எண்ணம் இல்லை’ என்பதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதும் இல்லை. ஏலதாரருக்குப் போகும் பங்கு எவ்வளவு, அந்தப் பங்கை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும்.

அப்படிக் கேட்டால் உளுந்தும் எரிவாயுவும் ஒன்றல்ல என்பது தெரிந்துவிடும். மியான்மரின் கடலடி எரிவாயு தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் போகிறது. வரும் பணம் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் நேராக விழுகிறது. நடுவில் விவசாயி இல்லை. ராணுவ ஆட்சிக்குக் கிடைக்கும் அந்நியச் செலாவணியில் அது மிகப் பெரிய ஊற்று. 2022 ஜனவரியில் டோட்டல், செவ்ரான் என்ற இரு பெரிய நிறுவனங்கள் அங்கிருந்து வெளியேறுவதாக அறிவித்தன. அடுத்த மாதமே அந்த அரசு நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ஆயுதம் இன்னும் வெளிப்படையானது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்த ராணுவத்துக்கு 100 கோடி டாலர் அளவுக்கு ஆயுதங்களும் உதிரிகளும் போயிருப்பதாக 2023 மே மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ரஷ்யா, சீனாதான் முன்னணியில். பட்டியலில் இந்தியாவிலிருந்து இயங்கும் நிறுவனங்களும் இருந்தன. இதை வகுப்பில் மறைக்கத் தேவையில்லை. துப்பாக்கி விற்றுவிட்டு ‘இது வணிகம் மட்டுமே’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆயுதத்தில் ஆதாயத்துக்கும் ஆதரவுக்கும் இடையில் இடைவெளியே கிடையாது.

வணிகம் செய்யச் செய்ய எதிர்த்தரப்பு மென்மையாகும் என்றொரு வாதமும் உண்டு. சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது மேற்கு நாடுகளில் பலர் இதைச் சொன்னார்கள். ஜெர்மனி, வணிகத்தின் வழியே மாற்றம் என்ற நம்பிக்கையோடு ரஷ்ய எரிவாயுவைக் குழாய் போட்டு வாங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. அந்தக் குழாயால் பிடி கொடுத்தது ஜெர்மனிதான். அதே போருக்குப் பின் இந்தியா ரஷ்ய எண்ணெயை மிகுதியாக வாங்கத் தொடங்கியது. நம் இறக்குமதியில் மிகச் சிறிய பங்காக இருந்தது, இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. குறைந்த விலை எண்ணெய் நம் மக்களுக்குத் தேவை என்றது அரசு. கண்டித்த ஐரோப்பிய நாடுகளில் சில அப்போதும் ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. 1946இல் 5 விழுக்காடு ஏற்றுமதியை விட்டுக்கொடுத்த நாடும் இதே நாடுதான் என்று பத்தாம் வகுப்பில் ஒருவர் கேட்டால், நாம் தயாராக இருக்க வேண்டும். ‘அப்போது நம் சொந்த மக்களுக்கே அநீதி நடந்தது’ என்பது ஒரு பதில். அது முழுப் பதிலா என்பதை அவர்களே விவாதிக்கட்டும்.

வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரி நான்கு சீட்டுகள் கொடுத்தேன். உளுந்து, எரிவாயு, துப்பாக்கி, மருந்து. ராணுவ ஆட்சி நடக்கும் ஒரு நாட்டோடு எதை வணிகம் செய்யலாம், எதைக் கூடாது என்று வரிசைப்படுத்தி, காரணம் சொல்ல வேண்டும். துப்பாக்கியில் எல்லாக் குழுவும் ஒத்துப்போனது. மருந்தை விற்கலாம் என்பதிலும் பெரிய சண்டை இல்லை. எரிவாயுவில்தான் பொழுது போனது. “நாம வாங்கலன்னா வேற ஒருத்தர் வாங்குவாரு, அப்புறம் என்ன பிரயோஜனம்?” என்று ஒரு குழு. “அதையே அந்த அயர்லாந்து அக்கா நினைச்சிருந்தா?” என்று இன்னொரு குழு. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு பாடவேளை போதாது, இரண்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த உரையாடல் எளிதில் ஒரு நாட்டு மக்களையே பழிக்கும் பேச்சாகத் திரும்பிவிடும். ‘பர்மாக்காரன்’, ‘சீனாக்காரன்’ என்று தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். ஆட்சி வேறு, மக்கள் வேறு என்பதுதான் இந்தப் பாடத்தின் அடித்தளமே. 1931இல் காந்தியடிகள் லண்டன் சென்றபோது, நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களைத் தேடிப்போய்ச் சந்தித்ததை இங்கே சொல்லலாம். புறக்கணிப்பை அவர் கைவிடவில்லை. அதன் சுமை யார் மேல் விழுந்ததோ அவர்களை நேரில் பார்த்துப் பேசினார்.

இட்லிக்கடை மாணவன் இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கிறான். அம்மா கேட்டுக்கொண்டே மாவு அரைத்தாராம். கடைசியில், “தஞ்சாவூர்ப் பக்கத்து உளுந்து கிலோ என்ன விலைன்னு உங்க சாரைக் கேட்டுட்டு வா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பக்கத்து மளிகைக் கடையில் விசாரித்தேன். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக இருந்தது. அவனிடம் சொன்னேன். விரலை மடக்கி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட ஆரம்பித்தான்.